நீலகிரியில் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் பணக் கேள்விகள்

உதகையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். கட்டணம் கட்டும் நாட்களில் கல்லூரிப் பிள்ளைகள் கவுன்ட்டர் முன் வந்து நிற்பார்கள். செலானை நிரப்பிக்கொண்டே மெதுவாக ஒரு சந்தேகத்தைக் கேட்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் அதேதான். அவற்றைக் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் ஒன்றாம் தேதி சம்பளம் வரும் வீட்டை மனதில் வைத்தவை. நம் மலையில் பல வீடுகளுக்கு வருமானம் பசுந்தேயிலையையும் காய்கறியையும் சுற்றுலா சீசனையும் நம்பி ஏறி இறங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளை நினைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

எந்த மாதிரிக் கணக்கு தொடங்க வேண்டும்? குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பணம் பிடித்துவிடுகிறார்களே?

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேட்டு வாங்குங்கள். எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இருப்பு பூஜ்யமாக இருந்தாலும் அபராதம் கிடையாது. மாதம் குறைந்தது 4 முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். அந்த வங்கியில் ஏற்கெனவே வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதையே மாற்றித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரே வங்கியில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. ஸ்டேட் வங்கி 2020-இலேயே எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை நீக்கிவிட்டது. அஞ்சலகக் கணக்கென்றால் 500 ரூபாய் இருப்பு வேண்டும்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஏ.டி.எம்.மை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சொந்த வங்கியில் மாதம் 5 முறையும், நம் ஊர்கள் பெருநகரம் இல்லை என்பதால் பிற வங்கியில் 5 முறையும் இலவசம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரையும் அதற்கு மேல் வரியும் போகும். இருப்பைப் பார்ப்பதும் ஒரு முறையாகக் கணக்கில் சேரும். கார்டைப் போட்டு மீதியைப் பார்த்துவிட்டு மட்டும் போகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அதைக் கைபேசியிலேயே பார்க்கலாம்.

வீட்டிலிருந்து ஒரு மாதம் 4,000 வருகிறது, இன்னொரு மாதம் 1,500தான் வருகிறது. இதற்கு எப்படி பட்ஜெட் போடுவது அக்கா?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இது. முதலில், பணம் ஏன் இப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறு தேயிலை விவசாயி தொழிற்சாலைக்குக் கொடுத்த இலைக்கு அடுத்த மாதம்தான் பணம் கிடைக்கிறது. விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து இலை கருகினால் அதன் அடி பிப்ரவரி, மார்ச்சில் வீட்டுக்குள் வந்து சேரும். கேரட்டும் கோஸும் போடுகிற வீட்டில் மேட்டுப்பாளையம் மண்டியில் அன்று போன விலைதான் வருமானம். காட்டேஜிலோ கடையிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனும்தான் கை நிறையும் காலம்.

ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டுப் பருவத்துக்கு, அதாவது ஆறு மாதத்துக்கு, கணக்குப் போடுங்கள். ஒரு தேயிலை வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 4,000, நவம்பர் 4,000, டிசம்பர் 3,500, ஜனவரி 3,000, பிப்ரவரி 2,000, மார்ச் 1,500. மொத்தம் 18,000. இதில் தேர்வுக் கட்டணம், பதிவேடு, நகல் செலவு என்று 1,500 ரூபாயை முதலிலேயே கழித்துவிடுங்கள். மீதி 16,500 ரூபாயை ஆறால் வகுத்தால் மாதம் 2,750. அக்டோபரில் 4,000 வந்தாலும் உங்கள் செலவு 2,750தான். முதல் நான்கு மாதங்களில் இப்படி மிஞ்சுவது 3,500. பிப்ரவரி, மார்ச்சில் குறைகிற 2,000 ரூபாயை அது ஈடு செய்யும். தேர்வுக் கட்டணத்துக்கான 1,500 அப்படியே இருக்கும். உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கலாம், செய்முறை இதுவே.

இதைச் செய்ய வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். "அப்பா, எந்த மாதம் கை வறளும்?" என்று கேளுங்கள். பல வீடுகளில் பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை. பெற்றோரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார்கள். ஹெத்தையம்மன் பண்டிகை, வீட்டுக் கல்யாணம் போன்ற செலவுகள் வரும் மாதங்களையும் அதே பேச்சில் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எழுதினால்தான் ஆகுமா? எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

எப்போதும் எழுத வேண்டியதில்லை. பருவத் தொடக்கத்தில் இரண்டு வாரம் மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். குளிரில் நடக்கிறவர்களுக்குத் தேநீரும் வர்க்கியும் பஜ்ஜியும் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. மாலை நான்கு மணிக்குப் பனி இறங்கும்போது சூடாக ஒரு தேநீர் குடிப்பது வீண்செலவு ஆகாது. ஒரு நாளைக்கு இத்தனை என்று முடிவு செய்துகொண்டால் போதும்.

வாடகை அறையில் மின்கட்டணம் தாங்க முடியவில்லை. ஹீட்டர் இல்லாமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 240 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரைதான் இலவசம், அதன் பிறகு யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். பல அறைகளுக்கு ஒரே மீட்டர் இருந்தால் எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து விலை உயர்ந்த படிக்குப் போய்விடும். அறை பார்க்கும்போதே தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

என் யோசனை, ஹீட்டருக்கு ஆகும் பணத்தை ஒரு கெட்டியான கம்பளிக்கும் நல்ல ஸ்வெட்டருக்கும் போடுங்கள். உதகை தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் பார்த்து எடுக்கலாம். மூன்று வருடப் படிப்பு முழுக்க வரும். சிக்கனம் என்று நினைத்து மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலை ஊர்களில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

சீசன் வந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். சொல்லலாமா?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களையும் சேர்த்துத் தேதி போட்டு, வாடகையையும் முன்பணத்தையும் அதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டவர்கள்தான் தேர்வு நேரத்தில் பெட்டியோடு வெளியே நிற்கிறார்கள்.

பஸ் செலவைக் குறைக்க வழி இருக்கிறதா?

பெண்களுக்கு நகர அரசுப் பஸ்களில் இருந்த கட்டணமில்லாப் பயணத்தை 2024-25 பட்ஜெட்டில் மலைப் பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸா என்று பார்த்து ஏறுங்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்குப் பஸ் பாஸ் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே விண்ணப்பியுங்கள்.

அரசு தரும் 1,000 ரூபாய் எனக்கு வரவில்லை. தோழிக்கு மட்டும் வருகிறது. ஏன்?

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இடையில் சில வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் பொதுவாகக் கிடைக்காது.

தகுதி இருந்தும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆதார் இணைப்புதான் காரணம். கணக்கில் ஆதார் எண் பதிவாகி இருப்பது மட்டும் போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று ஆதாரோடு தனியாகப் பிணைக்க வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாகப் பிணைத்த கணக்குக்கே பணம் போகும். பள்ளியில் தொடங்கித் தந்த பழைய கணக்கில் உங்கள் பணம் சேர்ந்துகொண்டிருக்கவும் கூடும், போய்ப் பாருங்கள். இரண்டு வருடம் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடலாம். அப்படி ஆகியிருந்தால் அடையாள ஆவணங்களைக் கொடுத்துத் திரும்ப இயக்கலாம்.

எல்லாமே யு.பி.ஐ.தானே, கையில் ரொக்கம் எதற்கு?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மரம் விழும், மின்சாரம் போகும், டவர் படுக்கும், ஏ.டி.எம்.மும் வேலை செய்யாது. மலையில் இருப்பவர் ஊருக்குப் போகும் பஸ் காசும் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசும் ரொக்கமாக, பர்ஸில் இல்லாமல் பெட்டியில், வைத்திருக்க வேண்டும்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பணம் கழிந்து கடைக்காரருக்குப் போகாமல் நின்றால் பதறி இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியது 5 நாளுக்குள்ளும் திரும்ப வர வேண்டும். ஏ.டி.எம்.மில் நோட்டு வராமல் கணக்கில் கழிந்தாலும் 5 நாள்தான். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வங்கி ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள், எங்கள் கிளையாக இருந்தாலும் சரி.

மாதம் 300, 500 மிஞ்சினால் எங்கே போடுவது? சீட்டில் சேரலாமா? நகைக்கடைத் திட்டத்தில்?

முதலில் இரண்டாம் பதிலில் சொன்ன பருவ இருப்பு நிறைய வேண்டும். அது சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் மிஞ்சுவதற்கு, மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு (ஆர்.டி.) நல்லது. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஆனால் அது 5 வருடத் திட்டம். அடுத்த வருடக் கட்டணத்துக்குத் தேவைப்படும் பணமென்றால் வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பே போதும்.

எஸ்டேட்டிலும் ஹட்டி என்னும் படுகர் ஊர்களிலும் தெரிந்தவர்கள் நடத்தும் சீட்டு காலம் காலமாக இருக்கிறது. பல வீடுகளை அது தாங்கியும் இருக்கிறது. ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில், நடத்துபவர் கையை விரித்தால் பணத்தை மீட்பது பெரும்பாடு. அம்மா போடுகிற சீட்டு அம்மாவின் முடிவு. படிப்புக்கான பணத்தை அதில் போடாதீர்கள். நகைக்கடைத் திட்டத்தில் கட்டுவது பொருளுக்கான முன்பணம், வங்கி வைப்பு ஆகாது. வங்கியில் ஒருவரின் வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, அங்கே அது கிடையாது.

சீசனில் வேலைக்குப் போகலாமா? தேர்வும் அப்போதுதானே வருகிறது?

போகலாம், தேர்வு முடிந்த பிறகு. இங்குள்ள அரசு கலைக் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஏப்ரல், மே மாதங்களில்தான் பருவத் தேர்வு. சீசனின் முதல் பாதி தேர்வோடு மோதும், மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் வழி கிடைக்கும். ஒரு தாளில் தோற்றால் திரும்பக் கட்டணம் கட்ட வேண்டும். வேலைக்காகப் படிப்பும் ஒரு பருவம் தள்ளிப்போனால் சம்பாத்தியத்தை விட இழப்பு பெரிது.

வேலைக்குச் சேரும் முன் நாள் கூலி எவ்வளவு, சாப்பாடு உண்டா, எந்தக் கிழமை பணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "சீசன் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். வாரா வாரம் வாங்கிக் கணக்கில் போடுங்கள். ஜூனில் கல்லூரி திறக்கும்போது இந்தப் பணம்தான் உங்கள் பருவக் கணக்கின் முதல் வரி.

நண்பன் கடன் கேட்கிறான். இல்லை என்று எப்படிச் சொல்வது?

திரும்ப வராவிட்டாலும் நட்பு கெடாது என்று தோன்றும் தொகையை மட்டும் கொடுங்கள். அவனுக்காக ஜாமீன் கையெழுத்தோ, உங்கள் பெயரில் தவணையோ கூடாது. தேர்வுக் கட்டணத்துக்குத்தான் கேட்கிறான் என்றால் அவனோடு துறைத் தலைவரிடம் போய் நில்லுங்கள். கல்லூரிகளில் இதற்கு உதவும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

வட்டியில்லாத் தவணையில் போன் வாங்கினால் என்ன தவறு? கிரெடிட் கார்டு வைத்துக்கொள்ளலாமா?

வட்டியில்லை என்றாலும் பரிசீலனைக் கட்டணம் உண்டா, ரொக்கமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்குமா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய கேள்வி, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்தத் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்பது. தவணைக்கு உறைபனி தெரியாது. தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும். வேலை கிடைத்த பிறகு வாகனக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி ஓடும், வருடத்துக்கு 42 சதவீதம். நிலையான வருமானம் வரும் வரை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அவசரத்துக்குக் கைபேசிச் செயலியில் கடன் வாங்கிவிட்டேன். இப்போது மிரட்டுகிறார்கள். வீட்டில் சொல்லவில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். 5,000 என்று சொல்லி, கட்டணம் கழித்து 3,500 கையில் தருகிறார்கள், ஏழு நாளில் 5,000 கேட்கிறார்கள். 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,500 வட்டி, அதாவது வாரத்துக்கே 42 சதவீதத்துக்கு மேல். மேலே சொன்ன கிரெடிட் கார்டு ஒரு வருடத்துக்கு வாங்குவதை இவர்கள் ஒரு வாரத்தில் வாங்குகிறார்கள். இதை அடைக்க இன்னொரு செயலியில் வாங்கினால் முடிவே இராது.

இன்றே செய்ய வேண்டியவை: மிரட்டல் செய்திகளைப் படமெடுத்துச் சேமியுங்கள், செயலிக்குத் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்கக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள், 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் என்பதையும், மொத்த வருடச் செலவு எத்தனை சதவீதம் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். அது இல்லாத செயலியைத் தொடவே கூடாது.

வீட்டிலும் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் படத்தை மாற்றி உறவினருக்கு அனுப்புவதாக மிரட்டுவதே, நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்ற தைரியத்தில்தான். அப்பா கோபப்படுவார், பிறகு உங்களோடு காவல் நிலையத்துக்கு வருவார். அப்பாவிடம் முடியாது என்றால் அக்காவிடமோ, மாமாவிடமோ, ஒரு ஆசிரியரிடமோ இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

பங்குச் சந்தையில் ஆப்ஷன் விளையாடி விடுதி நண்பர் சம்பாதிக்கிறார். நானும் கொஞ்சம் போடட்டுமா?

2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு ஆராய்ந்து வெளியிட்டது. விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துப் பணம் போடும் ஆப்ஷன், ஃபியூச்சர் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். சராசரி இழப்பு சுமார் 2 லட்சம் ரூபாய். நண்பர் லாபம் வந்த நாளை மட்டும் சொல்வார். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் நாடு முழுவதும் தடைச் சட்டமே வந்துவிட்டது. முதலீடு கற்க ஆசையிருந்தால் இப்போது படியுங்கள், முதல் சம்பளத்திலிருந்து போடுங்கள்.

என் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்தக் கொடுத்தால் 5,000 தருகிறேன் என்கிறார் ஒருவர். பணம் வந்து போவதுதானே?

கூடவே கூடாது. யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம் உங்கள் பெயரில் வந்து போகும். காவல்துறை முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு. கணக்கை முடக்குவார்கள், அதில் வரும் உதவித்தொகையும் சேர்ந்து முடங்கும். ஏற்கெனவே கார்டையோ சிம்மையோ கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்தவுடன் வங்கிக்கு வந்து கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், 1930-லும் பதியுங்கள்.

கட்டணத்துக்காக அம்மா நகையை அடகு வைக்கிறேன், குழுக் கடன் வாங்குகிறேன் என்கிறார். கல்விக் கடன் வாங்கினால் கடனாளி ஆகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

கடன் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். யார் பெயரில், என்ன வட்டிக்கு, எப்போது திரும்பக் கட்டுவது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். நுண்கடன் நிறுவனக் குழுக் கடனில் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், அடுத்த வாரமோ அடுத்த மாதமோ தவணை தொடங்கிவிடும். இலை இல்லாத மாதத்திலும் அம்மா கட்டியாக வேண்டும். கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை. வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாக 4 லட்சம் வரை சொந்தப் பங்கு தேவையில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்பதில்லை. பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும்.

படிக்கும் காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முடிந்தால், இலை நன்றாக வரும் மாதங்களில் மட்டுமாவது வட்டியைக் கட்டிவிடுங்கள். தொழிற்கல்விப் படிப்புகள் பலவற்றுக்கு, குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியமும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு, அதற்குக் கடன் தேவைப்படாது.

எனக்கு வரும் உதவித்தொகையை வீட்டில் கேட்கிறார்கள். தம்பி பள்ளிச் செலவுக்குத்தான். கொடுக்காவிட்டால் சுயநலமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். உங்கள் பருவக் கணக்கை வீட்டில் எடுத்துக் காட்டுங்கள். தேர்வுக் கட்டணமும் மாதச் செலவும் போக மிஞ்சுவதில் தம்பிக்குக் கொடுங்கள், மனம் நிறைந்து கொடுங்கள். மிஞ்சாத மாதத்தில் இல்லை என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தை அரசு உங்கள் பெயருக்கு அனுப்புவது நீங்கள் படிப்பை நடுவில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ஏ.டி.எம். கார்டும் பின் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ தர வேண்டிய தொகையை நீங்களே எடுத்துக் கொடுங்கள் அல்லது அவர்கள் கணக்குக்கு அனுப்புங்கள். கார்டு வேறொருவர் கையில் இருந்து, உங்கள் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளில் கணக்கு காலியாக இருக்கிறதென்றால், நேராகக் கிளைக்கு வந்து அந்தக் கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டது. வேறு யாருடைய கையெழுத்தும் அதற்கு வேண்டாம்.